நைனா சாப்பிடுகிற காட்சி

ஜெயப்பிரியாவுக்குச் சமைக்கப் பிடிக்காது. ஏதோ கொஞ்சம் பிடிக்காது போல என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்படியில் கால் வைக்கும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். வெங்காயம் உரிக்கும்போது வெங்காயத்தைத் திட்டுவாள். புளி கரைக்கும்போது புளியைத் திட்டுவாள்.

ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் எதற்காகச் சமைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் அதையேதான் கேட்டாள்.

அவளுடைய அம்மா பரிமளா செய்யாறு பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஆடி மாதம் வரை காலை ஷிப்ட். ஆடி முடிந்ததும் அம்மாவைத் தையல் வரிசைக்கு லீடராக்கி, மதிய ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பகல் ஒரு மணிக்கு அவர்கள் ஊரான பெருநகரின் பஸ் நிறுத்தத்தில் கம்பெனி வண்டி வந்து நிற்கும். ஏறிப் போனால், ஜெயப்பிரியா தூங்கிய பிறகுதான் திரும்பி வருவார். ராத்திரிச் சாப்பாடு அம்மாவுக்குக் கம்பெனி கேன்டீனில்.

போகும்போது சோறு வடித்து ஹாட் பாக்ஸில் போட்டு வைத்துவிடுவார். காலையில் வைத்த குழம்பு நைனாவின், அதாவது அப்பாவின், மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துவிடும். கூடுதலாக வைக்கலாம் என்றால் ஃபிரிட்ஜ் ரிப்பேர். ஆகவே ராத்திரிக் குழம்பு ஜெயப்பிரியாவின் தலையில் விழுந்தது.

"பாரு ஜெயா, ராத்திரி சாப்பாடு உனக்கும் உங்க நைனாவுக்கும் சரியா இல்லன்னு தெரிஞ்சா, நான் கம்பெனிய வுட்டுட்டு வூட்லயே குந்திக்குவேன்" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று ஜெயப்பிரியாவுக்குத் தெரியும். யூனிஃபார்மை இஸ்திரி போடும்போது அம்மா பாட்டுப் பாடுவார். லீடர் என்று எழுதிய பேட்ஜைத் துடைத்துத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொள்வார். அந்த அம்மாவை வீட்டில் உட்கார வைக்க முடியுமா? அதனால்தான் ஜெயப்பிரியா ஒப்புக்கொண்டாள். பாத்திரம் துலக்குவது நைனாவின் வேலை என்று ஒப்பந்தம் ஆனது.

நைனா பெயர் கோபால். டிராக்டர் ஓட்டுகிறார். இருட்டுகிற நேரத்துக்குச் சேறும் சகதியுமாக வருவார். குளித்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்காருவார். முதல் வாய் சாப்பிட்டதும், "நல்லா கீதும்மா" என்பார். தேநீர் இடைவேளையில் அம்மா போன் செய்தால், "கொழம்பு சூப்பரு. நீ கவலப்படாம வேலயப் பாரு" என்பார்.

சரி, ஜெயப்பிரியா என்ன சாப்பிடுவாள்? அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குழம்பு ஆகாது. தயிரும் மாங்காய் ஊறுகாயும் இருந்தால் போதும். அதையும் போனில் ஏதாவது படம் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவாள். தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் குனிந்து பார்த்துத்தான் சொல்வாள்.

படம் என்றால் அவளுக்கு உயிர். அவள் படிக்கிற பள்ளியில் மாதம் ஒரு சிறுவர் படம் போடுவார்கள். அந்த மாதம் படம் முடிந்ததும் தமிழ்வாணன் சார் எழுந்து நின்றார்.

"இதுவரைக்கும் படம் பார்த்தோம். இனிமேல் நாமே எடுக்கப் போறோம். மூணு மூணு பேரா சேர்ந்துக்குங்க. மூணே நிமிஷப் படம். தலைப்பு, 'எங்கள் வீடு.'"

ஜெயப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. தானே டைரக்டர் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். ஆனால் அவள் குழுவில் இருந்த ஜான்சனின் அண்ணனிடம் நல்ல கேமரா போன் இருந்தது. போன் யாருடையதோ அவர்தான் டைரக்டர். இது சினிமாவில் எழுதாத சட்டம். மூன்றாவது ஆளான கீர்த்திக்குக் கை நடுங்காது. அதனால் அவள் கேமரா.

"அப்ப நான் இன்னா பண்றது?" என்றாள் ஜெயப்பிரியா.

"நீதான் நடிக்கிற. கதை ரெடி" என்றான் ஜான்சன். "ஒரு பொண்ணு கொழம்பு வைக்கிறா. அவங்க அப்பா சாப்பிட்டுட்டு சிரிக்கிறாரு. முடிஞ்சிச்சி."

ஜெயப்பிரியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல கதை எங்க கீது? சண்டை இல்ல, பேய் இல்ல, நாய்க்குட்டிகூட இல்ல. கொழம்ப எவன் பாப்பான்?"

"நம்ம மூணு பேர்ல சமைக்கத் தெரிஞ்சது நீ மட்டும்தான். சும்மா நடி."

தினமும் திட்டிக்கொண்டே செய்கிற வேலையைச் சனிக்கிழமையும் செய்து, அதைப் படமும் எடுக்க வேண்டுமா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் திரையில் முகம் வருமே என்ற ஆசையில் சரி என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் ஜெயப்பிரியா வீட்டு அடுப்படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கத்திரிக்காய் காரக்குழம்பு வைப்பதாக ஏற்பாடு.

ஜெயப்பிரியா தலைவாரி, பொட்டு வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு வந்திருந்தாள். கீர்த்தியோ போனைக் கொண்டுபோய்ச் சட்டிக்கு மேல் பிடித்தாள்.

"ஏய், மூஞ்சி இங்க கீது!"

"உன் மூஞ்ச தினம் பாக்குறோம். நீ எண்ணெய ஊத்து" என்றாள் கீர்த்தி.

எண்ணெய் காய்ந்தது. கடுகும் வெங்காயமும் சேர்த்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகத்தை ஜெயப்பிரியா கிள்ளிப் போட்டாள். படபடவென்று வெடித்தது. உடனே வெங்காயத்தைக் கொட்டப் போனவளை ஜான்சன் தடுத்தான்.

"இரு, இரு! அது வெடிக்கிறது இன்னும் கொஞ்சம் வரட்டும். கீர்த்தி, கிட்டப் போ."

வெங்காயம் போட்டதும் மறுபடி, "கிளறிக்கினே இரு. நிறம் மாறட்டும். அடுப்பச் சின்னதாக்கு, இல்லன்னா புகையில படம் தெரியாது" என்றான்.

தினமும் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி, கால் மணி நேரத்தில் முடிக்கிற குழம்பு இது. இன்றைக்கு இழுத்துக்கொண்டே போனது. வெந்துகொண்டிருக்கிற கத்திரிக்காயைப் பார்த்து, "அழகா கீது பாரு" என்று கீர்த்தி சொன்னாள். கத்திரிக்காயில் என்ன அழகு என்று ஜெயப்பிரியா எட்டிப் பார்த்தாள். சட்டியில் கத்திரிக்காய்தான் இருந்தது.

"இப்ப உள்ளங்கையில ரெண்டு சொட்டு ஊத்தி உப்பு பாரு. எங்க அம்மா அப்படித்தான் பண்ணும். படத்துல நல்லா இருக்கும்" என்றான் ஜான்சன்.

ஜெயப்பிரியா கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "சே! சாப்பிடறவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி சமைக்கிறவங்க வாயில வெக்கலாமா? எச்சில் ஆயிடும்."

ஜான்சன் குழம்பிப் போனான். ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு பழக்கம். இவர்கள் வீட்டுப் பழக்கத்தில் தான் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நினைத்தான். கீர்த்தியைக் கேட்கலாம் என்றால் அவள் போனையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சார்ஜ் போயிக்கினு கீது. சீக்கிரம் உங்க நைனாவக் கூப்பிடு."

நைனா அதற்குள் கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் தண்ணீர் தடவி வாரிக்கொண்டு தயாராக இருந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். ஜெயப்பிரியா சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். பக்கத்தில் தன் தட்டில் தயிரை ஊற்றிக்கொண்டாள்.

"அங்கிள், ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சிரிங்க. ஆக்‌ஷன்!"

நைனா ஒரு வாய் சாப்பிட்டார். "நல்லா கீதும்மா" என்றார். சிரித்தார். ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்கும்போது சிரிப்பது போல இருந்தது.

"கட்! அங்கிள், இன்னொரு வாட்டி."

இன்னொரு வாட்டி சாப்பிட்டார். இன்னொரு வாட்டியும். பாவம் அந்த மனிதர், வயிறு முட்டும் அளவுக்கு நடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் "நல்லா கீதும்மா" என்று மறக்காமல் சொன்னார். கடைசியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்த பிறகுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது.

திங்கட்கிழமை தமிழ்வாணன் சார் எல்லாக் குழுக்களின் படத்தையும் கம்ப்யூட்டர் அறையில் இருந்த பெரிய திரையில் போட்டுப் பார்த்தார். வகுப்பே உட்கார்ந்திருந்தது.

ஜெயப்பிரியாவின் படம் தொடங்கியது. திரை முழுவதும் ஒரு சட்டி. எண்ணெயில் வடகம் விழுந்தது. ஒவ்வொரு கடுகும் இலந்தைப்பழம் அளவுக்குத் தெரிந்தது. அது துள்ளியது, சுழன்றது, பட்டென்று வெடித்தது. வெங்காயம் வெள்ளையிலிருந்து மெல்ல மெல்லக் கண்ணாடி போல ஆகி, ஓரத்தில் பொன்னிறம் ஏறியது. புளித்தண்ணீர் விழுந்ததும் சட்டி சீறியது. கொஞ்ச நேரத்தில் அடர்ந்த சிவப்பில் குழம்பு கொதிக்க, அதன் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பிரிந்து மினுமினுத்தது. கத்திரிக்காய் ஒன்று எண்ணெய்க்குள் சோம்பல் முறித்துக்கொண்டு திரும்பியது.

"சார், பசிக்குது!" என்று பின்னாலிருந்து வசந்த்குமார் கத்தினான். யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

ஜெயப்பிரியா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். இது எங்கள் வீட்டுச் சட்டியா? நான் தினமும் திட்டுகிற வெங்காயமா இது? இவ்வளவு நாளாக இதெல்லாம் என் மூக்குக்கு நேரே நடந்துகொண்டிருந்ததா? அவளுக்கு அந்தக் குழம்பை இப்போதே, இந்த நிமிடமே, தொட்டு நக்க வேண்டும் போல இருந்தது. அதை நினைத்து அவளே அதிர்ந்துபோனாள். குழம்பே பிடிக்காதவள் அல்லவா அவள்?

அடுத்த காட்சியில் நைனா வந்தார்.

நைனாவின் முகமும் திரை முழுவதும் தெரிந்தது. ஒரு வாய் போட்டார். கண்களை இறுக மூடினார். மெல்லவே இல்லை, அப்படியே விழுங்கினார். கை தானாகப் போய்ச் சொம்பை எடுத்தது. மடக் மடக் என்று தண்ணீர் குடித்தார். பிறகு கண்ணைத் திறந்து, "நல்லா கீதும்மா" என்று சிரித்தார்.

மறுபடி ஒரு வாய். மறுபடி சொம்பு.

"ஐயே, கஷாயம் குடிக்கிற மாதிரி கீது!" என்றாள் ஒரு பெண். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது.

ஜெயப்பிரியாவும் முதலில் சிரித்துவிட்டாள். பிறகுதான் கண்ணில் நீர் முட்டியது. தினமும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள்? போனைப் பார்த்துக்கொண்டு, தயிர்ச்சோறு தின்றுகொண்டு, இதைப் பார்க்காமலேயே இருந்திருக்கிறாள். திரையில் பார்த்தால் வாயில் எச்சில் ஊறுகிறது. அதே குழம்பைச் சாப்பிட்டால் நைனாவின் முகம் இப்படிப் போகிறது. இதில் எது நிஜம்? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் சார் சொன்னார். "சமைக்கிற இடம் பிரமாதம். சாப்பிடற இடத்தை மட்டும் திரும்ப எடுங்க. வெள்ளிக்கிழமை காலைல அப்பா அம்மாவையெல்லாம் கூப்பிட்டு இந்தப் படங்களைப் போடப் போறோம்."

ஜெயப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை காலை என்றால் அம்மா வீட்டில்தான் இருப்பார். கட்டாயம் வருவார். நைனாவின் இந்த முகத்தை அம்மா பெரிய திரையில் பார்த்தால் அவ்வளவுதான். பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

பள்ளி விட்டு வரும் வழியில் ஜான்சன் யோசனை சொன்னான். "ரொம்ப ஈஸி. கடையில சாம்பார் வாங்கி உங்க நைனாவுக்கு ஊத்துவோம். அவரு நல்லா சிரிப்பாரு. படத்துல எது எந்தக் கொழம்புன்னு யாருக்குத் தெரியும்?"

நல்ல யோசனைதான். ஜெயப்பிரியா தலையாட்டிவிட்டுப் பத்தடி நடந்தாள். பிறகு நின்றாள்.

"வேணாண்டா."

"ஏன்?"

"படத்துல ஏமாத்திடலாம். சனிக்கிழமை ராத்திரி எங்க நைனா இன்னா சாப்பிடும்? ஞாயித்துக்கிழமை?"

கீர்த்தி ஜெயப்பிரியாவின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

அன்று இருட்டியதும் நைனா வந்தார். குளித்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். குழம்புச் சட்டி பக்கத்தில் இருந்தது. ஆனால் ஜெயப்பிரியா கரண்டியைத் தொடவில்லை.

"நைனா, என் கொழம்பு நல்லா கீதா?"

"நல்லா கீதும்மா."

"பொய் சொல்ற. பள்ளிக்கூடமே பார்த்துச்சி. தண்ணி இல்லாம ஒரு வாய்கூட உனக்கு எறங்கல."

நைனா திருதிருவென்று விழித்தார். மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா பண்றது. நல்லா இல்லன்னா உங்கம்மா வேலய வுட்டுடுவேன்னு சொல்லி வெச்சிருக்கா. உனக்கோ அடுப்பப் பாத்தாலே பேஜாரு. நான் வேற கொற சொன்னா?"

"அப்படி இன்னாதான் கொறை? வகுப்புல எல்லாருக்கும் எச்சில் ஊறிச்சே!"

"பாக்க நல்லாத்தான் கீது. ஒரு நாளு உப்பே இருக்காது. ஒரு நாளு உப்ப மட்டும்தான் போட்டிருப்ப. ஏம்மா, நீ உப்பு பாக்கவே மாட்டியா?"

"எப்படிப் பாக்கறது? சமைக்கிறவங்க முதல்ல வாயில வெக்கக் கூடாதே. ஆடி மாசம் அம்மா கூழ் காச்சும்போது முருங்கைக்கீரைய ஒரு விரல்ல தொட்டேன். கையிலயே ஒண்ணு வெச்சாங்க. 'படைக்கிறதுக்கு முன்னாடி ருசி பாக்கறியா'ன்னு திட்டுனாங்க. அதுக்கு முன்னாடி நான் அடுப்படிக்கே போனதில்ல. மறுவாரமே நான்தான் சமைக்க ஆரம்பிச்சேன்."

நைனா சிரிக்க ஆரம்பித்தார். இது ரேஷன் கார்டுச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, பேச்சே வரவில்லை.

"அது மாரியாத்தாளுக்கும்மா! அம்மனுக்குப் படைக்கிறத முதல்ல நம்ம ருசி பாக்கக் கூடாது. நான் இன்னா மாரியாத்தாளா? இத்தினி நாளா எனக்குப் படையலா போட்டுக்கினு இருந்த?"

ஜெயப்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. கரண்டியை எடுத்தாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள்.

"ஐயய்யோ!"

"தண்ணி வேணுமா?" என்று நைனா சொம்பை நீட்டினார்.

"இத்தயா தினம் சாப்பிட்ட?"

"தண்ணி சேத்து உட்டா எறங்கிடும்."

ஜெயப்பிரியா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சட்டியைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தாள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கினாள். உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம். மறுபடி பார்த்தாள். திடீரென்று நாக்கில் புளிப்பு தனியாகத் தெரிந்தது, காரம் தனியாகத் தெரிந்தது, கடைசியில் வடகத்தின் மணம் மெல்ல எட்டிப் பார்த்தது. இதெல்லாம் உள்ளேதான் இருந்ததா? புளிப்பு தூக்கலாக இருந்ததால் ஒரு துண்டு வெல்லம் போட்டாள். மறுபடி பார்த்தாள். ருசி பார்த்துப் பார்த்தே சட்டியில் கால்வாசி காணாமல் போனது.

ஆனாலும் ஏதோ குறைந்தது. வெங்காயம் அரைவேக்காடாகக் கடிபட்டது. சனிக்கிழமை ஜான்சன் 'இரு, இரு' என்று நிறுத்தி நிறுத்தி எடுத்தது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. திரையில் அவ்வளவு அழகாக இருந்ததெல்லாம் அந்தக் காத்திருந்த நேரத்தில் நடந்தவைதான்.

செவ்வாய்க்கிழமை அவள் அடுப்பைச் சின்னதாக வைத்தாள். இரண்டு கை விரல்களையும் சேர்த்துச் சதுரமாகப் பிடித்து, கேமரா போல அதன் வழியாகச் சட்டிக்குள் பார்த்தாள். வெங்காயத்தைத் திட்ட மறந்துபோனாள். புதன்கிழமை வடகம் கொஞ்சம் கருகிவிட்டது. நைனா சாப்பிட்டுவிட்டு, "கருகிடுச்சி" என்றார். குறை சொன்னதற்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதுவும் ஏன் என்று புரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜான்சனும் கீர்த்தியும் போனோடு வந்தார்கள். ஜெயப்பிரியா பவுடர் போடவில்லை. முழு நேரமும் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பை இறக்கும் முன் உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றி நக்கினாள்.

"இத்தத்தானே அன்னிக்கு..." என்று ஜான்சன் ஆரம்பித்தான்.

"பேசாம படத்த எடு" என்றாள் ஜெயப்பிரியா.

நைனா அழுக்குச் சட்டையோடே உட்கார்ந்தார். அன்று உழவு அதிகம், நல்ல பசி. ஜெயப்பிரியா குழம்பை ஊற்றிவிட்டு விலகி நின்றாள்.

"ஆக்‌ஷன்!"

நைனா ஒரு வாய் சாப்பிட்டார். சிரிக்கவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். "நல்லா கீதும்மா" என்றும் சொல்லவில்லை.

"அங்கிள், சிரிங்க" என்று ஜான்சன் கிசுகிசுத்தான். அவர் காதில் விழவே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு, மென்று மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜெயப்பிரியா பதறிப்போனாள். மறுபடியும் தப்பு நடந்துவிட்டதா? உப்பு பார்த்தேனே! அவள் கண் சொம்பைத் தேடியது. சொம்பு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நைனா அதைத் தொடவே இல்லை.

தட்டு காலியானது. நைனா நிமிர்ந்து பார்க்காமலே தட்டை நீட்டினார்.

"இன்னொரு கரண்டி ஊத்தும்மா."

சோறு போட்டு ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் தட்டு மறுபடி நீண்டது.

ஜான்சன் டைரக்டர் என்பதை மறந்து தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். "எனக்குக் கொஞ்சம் கெடைக்குமா? சும்மா ருசி பாக்க."

"எனக்கு?" என்று கேட்டபடி கீர்த்தி போனைத் தரையில் வைத்தாள்.

ஜெயப்பிரியா எல்லாருக்கும் போட்டாள். கடைசியில் தனக்கும் போட்டுக்கொண்டாள். தயிர்க் கிண்ணம் மூடியபடியே இருந்தது. அன்று அவள் எந்தப் படமும் பார்க்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்த கீர்த்தி, "ஐயோ!" என்றாள். போன் இவ்வளவு நேரமும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நைனா இரண்டாம் முறை தட்டை நீட்டியது வரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு கூரையில் சுற்றுகிற வெறும் மின்விசிறி. திரும்ப எடுக்கலாம் என்றால் சட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. வாசலில் ஜான்சனின் அண்ணன் போனைக் கேட்டு வந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை அறை நிறையப் பெற்றோர்கள். அம்மா யூனிஃபார்மிலேயே வந்து, நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெயப்பிரியா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வடகம் வெடித்தது. வெங்காயம் கண்ணாடியானது. குழம்பு கொதித்தது. நைனா சாப்பிட்டார், தட்டை நீட்டினார். பிறகு திரையில் ஒரு மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது சத்தம் மட்டும் கேட்டது.

தட்டுகள் உரசும் சத்தம். யாரோ விரலைச் சப்பும் சத்தம். "டேய், அது என் கத்திரிக்காய்டா!" என்று கீர்த்தியின் குரல். "இன்னும் கீதாம்மா?" என்று நைனாவின் குரல். "இல்ல நைனா, சட்டி காலி. நீ வழிச்சி வேற சாப்பிட்டுட்ட" என்று ஜெயப்பிரியாவின் குரல். பிறகு நாலு பேர் சிரிக்கிற சத்தம். படம் முடிந்தது.

"கடைசியில ஏன் ஃபேனைக் காட்டினீங்க? ஏதாவது அர்த்தம் இருக்கா?" என்று சார் கேட்டார்.

ஜான்சன் எழுந்து நின்றான். "அர்த்தம் எல்லாம் இல்ல சார். கேமரா புடிக்க ஆளில்ல. எல்லாரும் சாப்பிட்டுக்கினு இருந்தோம்."

அறை அதிர்ந்தது. கைதட்டல் நிற்கும் முன்பே அம்மா எழுந்துவிட்டார்.

"காலியா? எனக்கு ஒரு வாய்கூட வெக்காம வழிச்சிட்டீங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் நைனாவைப் பிடித்துக்கொண்டார். "இவரு தினம் போன்ல சூப்பரு சூப்பருன்னு சொல்லும்போது எனக்கு நம்பிக்கையே வரல. தீபாவளியோட வேலய வுட்டுடலாமான்னுகூட யோசிச்சேன். இப்பத்தான் நம்புறேன். அதுக்காக எனக்குன்னு கொஞ்சம் எடுத்து வெக்கக் கூடாதா?"

நைனா தலையைச் சொறிந்தார். வேறு பக்கம் பார்த்தார். ஜெயப்பிரியா சிரிப்பை அடக்க முடியாமல் கீர்த்தியின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பகல் ஒரு மணிக்கு அம்மா வழக்கம் போலக் கம்பெனி வண்டியில் ஏறிப் போனார்.

அன்று இருட்டுகிற நேரம் ஜெயப்பிரியா குழம்பை இறக்கினாள். முதல் வேலையாக ஒரு கிண்ணம் நிறைய எடுத்து மூடி, அதன் மேல் ஒரு தட்டையும் கவிழ்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, நைனாவின் கைக்கு எட்டாத மேல் அலமாரியில் அம்மாவுக்காக வைத்தாள். அதற்குப் பிறகுதான் நைனாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.